வாயடைத்த மரபணு

விளையாடும்போது முழங்காலில் சிராய்த்துக் கொண்டால் என்ன நிகழ்கிறது? காயத்தின் ஓரத்திலுள்ள செல்கள் பிளந்து பெருகிப் புதுத் தோலை உண்டாக்குகின்றன. காயம் மூடியதும் பெருக்கம் நின்றுவிடுகிறது. ‘போதும், நில்!’ என்று அவற்றுக்குச் சொல்வது யார்?

அதற்கென்று நம் செல்களில் காவல் புரதங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு மிக முக்கியமானவை. ஆர்.பி. என்னும் புரதம், தக்க தருணம் வரும்வரை செல் பிளவுபடாமல் தடுத்து வைக்கிறது. 1979-ல் கண்டறியப்பட்ட பி-53 என்னும் புரதமோ, டி.என்.ஏ. பழுதுபட்டால் செல் பிளவை நிறுத்துகிறது. பழுதை நீக்க முடியாவிட்டால், அந்தச் செல்லையே மடியச் செய்கிறது. இந்தக் காவல் குலைந்தால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகக்கூடும். அதுவே புற்றுநோய்க்கு வழி.

காவலை ஒழிக்கும் வைரஸ்

தொண்டைப் புற்றுநோய்க்குப் புகையிலையும் மதுவும் பெருங்காரணங்கள். ஆனால் நாக்கின் அடிப்பகுதியிலும், டான்சில் எனப்படும் தொண்டைச் சதையிலும் தோன்றும் புற்றுநோய்கள் பலவற்றுக்கு ஒரு வைரஸ் காரணமாகிறது. பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தின் 16-ஆம் வகை அது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர் 1983-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இதைக் கண்டறிந்தனர். அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வைரஸிடம் இ-6, இ-7 என இரு மரபணுக்கள் உள்ளன. இ-6 உண்டாக்கும் புரதம் பி-53-ஐ அழிக்கச் செய்கிறது. இ-7 உண்டாக்கும் புரதம் ஆர்.பி.யைச் செயலிழக்கச் செய்கிறது. இரு காவலர்களும் ஒரே சமயத்தில் வீழ்கிறார்கள்!

தூதைத் துண்டித்தல்

மரபணு தானாகப் புரதத்தைச் செய்வதில்லை. தன் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து அனுப்புகிறது. அந்தத் தூதைப் படித்தே செல் புரதத்தைத் தயாரிக்கிறது. தூதை வழியிலேயே வெட்டிவிட்டால்? மரபணு இருந்தும் ஊமையாகிவிடும்.

இப்படி வெட்டும் ஏற்பாடு இயற்கையிலேயே உண்டு. ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் 1998-ல் ஓர் உருளைப் புழுவில் இதை விளக்கிக் காட்டினர். 2006-ல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 21 எழுத்துகள் கொண்ட சிறு ஆர்.என்.ஏ. ஒன்று, தனக்குப் பொருந்தும் தூதைத் தேடிப் பிடிக்கிறது. அதனுடன் சேர்ந்த புரதம் கத்தரிக்கோலைப் போல அத்தூதை நறுக்கிவிடுகிறது.

2009-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வைரஸ் குடியேறிய தொண்டைப் புற்றுநோய்ச் செல்களில் இந்த முறையைக் கையாண்டனர். இ-6, இ-7 தூதுகளுக்குப் பொருந்தும் சிறு ஆர்.என்.ஏ. அச்செல்களுக்குள்ளேயே உருவாகும்படி செய்தனர். விளைவு என்ன? பி-53, ஆர்.பி. இரண்டும் மீண்டும் தலைதூக்கின. புற்றுநோய்ச் செல்கள் தாமாகவே மடியத் தொடங்கின!

இதிலிருந்து ஓர் அரிய உண்மை புலப்படுகிறது. இச்செல்களில் காவல் புரதத்தைச் செய்யும் ஆற்றல் கெட்டுப்போகவில்லை. செய்யச் செய்ய அது அழிக்கப்பட்டு வந்தது, அவ்வளவே. புகையிலையால் வரும் புற்றுநோய்களிலோ பி-53-இன் மரபணுவே பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. அங்கே வைரஸின் வாயை அடைப்பதற்கு இடமே இல்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளிக்கு

அப்படியானால் தொண்டைப் புற்றுநோய் ஒழிந்ததா? அவசரப்படக் கூடாது. தட்டில் வளரும் செல்கள் வேறு. மனிதனின் தொண்டையில் வேரூன்றிய கட்டி வேறு. சிறு ஆர்.என்.ஏ. இரத்தத்தில் எளிதில் சிதைந்துவிடும். கட்டியிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதைக் கொண்டு சேர்ப்பது கடினம். இவ்வகையில் முதல் மருந்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கே, புற்றுநோய்க்கு அன்று.

ஆனால் வைரஸ் நுழையுமுன் தடுப்பதற்கு வழி இருக்கிறது. இதற்கான தடுப்பூசி 2006 முதல் உலகில் பயன்பட்டு வருகிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொள்வது சிறந்தது. புகையிலையைத் தொடாமலிருப்பதோ நம் கையிலேயே இருக்கிறது. காவலர்களை மீட்பதைவிட, அவர்களை வீழாமல் காப்பது எளிதல்லவா?