துள்ளத்துப் பிள்ளை எழுதிய குறிப்புகள்

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே, மின்சார ரயில்களின் பணிமனையைக் கொண்ட அண்ணனூரிலிருந்து தெற்கே பூவிருந்தவல்லி வட்டாரத்தைக் கடந்து சென்றால், இன்று தண்டலம் என வழங்கும் துள்ளம் என்ற ஊர் வரும். ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதும் தன்வரலாறு என்னும் நூல்வகை தமிழில் எட்டிய உயரங்களுள் ஒன்றான ‘வாழ்க்கைக் குறிப்புக்க’ளை 1944இல் வெளியிட்ட திரு.வி. கலியாணசுந்தரனார், 1883 ஆகஸ்டு 26 அன்று பிறந்தது அவ்வூரில்தான்.

தன்னெழுத்துக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும் வணிகமும் ஆளுநர் மாளிகைப் பேச்சும் அன்றன்றைய சூட்டோடு பதிவாகியுள்ளன. நாட்குறிப்பு எழுதுபவருக்கு மறுநாள் என்ன நேரும் என்பது தெரியாது. தன்வரலாறு எழுதுபவரோ நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறார், ஆகவே அன்று அற்பமாகத் தோன்றிய ஒன்று வாழ்க்கையின் திருப்பமாக இருந்ததை அவரால் காண முடிகிறது. உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. ஆயினும், தமிழ் கற்பதற்கு ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஓர் இளைஞனின் ஏக்கம் அதில் முழுமையாகவே இருக்கிறது.

திரு.வி.க.வின் வாழ்க்கையில் தடைகளுக்குக் குறைவில்லை. 1894இல் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தவருக்குக் கைகால்கள் முடங்கியதால் நான்கு ஆண்டுகள் படிப்பு நின்றது. மீண்டும் சேர்ந்து படித்தும், 1904இல் இறுதித் தேர்வை எழுத இயலாமல் பள்ளிக் கல்வி அத்தோடு முடிந்தது. 1912இல் கமலாம்பிகையை மணந்தார். பிறந்த இரு குழந்தைகளும் மறைந்தன, 1918இல் மனைவியும் காலமானார். அதே 1918 ஏப்ரல் 27 அன்றுதான், அண்ணனூர் வழியே ஓடும் அதே இருப்புப்பாதையில் உள்ள பெரம்பூரில், ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; அதைக் கட்டி எழுப்பியவர்களுள் அவரும் ஒருவர். வீட்டில் அனைத்தையும் இழந்த ஆண்டும் வீதியில் பல்லாயிரம் பேருக்கு உறவான ஆண்டும் ஒன்றாகவே அமைந்ததை, வாழும்போது அவர் எண்ணிப் பார்த்திருக்க நேரம் இருந்திராது. கால் நூற்றாண்டுக்குப் பின் எழுத அமர்ந்தபோதுதான் அவ்விரண்டும் ஒரே வரிசையில் வந்து நின்றன. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1927இல் எழுதிய நூலுக்குப் ‘பெண்ணின் பெருமை’ என்று பெயரிட்டார். இந்தத் தொடர்பு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

எழுதுவது மனத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்குப் 15 நிமிடம், தம்மைப் பெரிதும் வருத்திய நிகழ்வை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களின் மனம் கனத்தது. ஆனால் நிகழ்வோடு தம் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்தது. உள்ளே உருவமற்றுக் கிடந்த துயரம், முன்னும் பின்னும் உள்ள ஒரு கதையாக வாக்கியத்தில் அமையும்போது, அதைத் தாங்குவது எளிதாகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

திரு.வி.க. தம் நூலுக்கு வரலாறு என்றோ சரித்திரம் என்றோ பெயரிடாமல் ‘குறிப்புக்கள்’ என்றது கருதத்தக்கது. குறிப்பு என்பது எவரும் எழுதக்கூடியது. அண்ணனூரிலும் ஆவடியிலும் பல வீடுகளில் பால் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, கீழே தேதியும் அரை லிட்டர் கணக்கும். நடுவே ஒரு நாள் ‘பால் வேண்டாம், ஊருக்குப் போகிறோம்’ என்றிருந்தால், பத்தாண்டு கழித்து அதைப் புரட்டும் வீட்டார் அந்தப் பயணத்தையும் அன்று உடன் இருந்தவர்களையும் நினைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தால் அதுவும் வாழ்க்கைக் குறிப்பே.

முதுமையில் திரு.வி.க.வுக்குக் கண்பார்வை போயிற்று. எழுதுகோலைப் பிடிக்க இயலாத அந்நாளிலும் அவர் எழுத்தை விடவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1951இல் வந்த நூலுக்கு ‘முதுமை உளறல்’ என்று பெயரிட்டார். 1953இல், அவர் மறைந்த ஆண்டில் வந்த நூலின் பெயர் ‘வளர்ச்சியும் வாழ்வும்’. படுக்கைப் பிதற்றல் என்பது அதற்கு அவரே வைத்த மறுபெயர்.