அத்திப்பழத்துக்குள் குளவி இருக்கிறதா?

ரமளான் நெருங்கும்போது பேரீச்சம்பழத்தோடு உலர் அத்தியும் நம் வீடுகளுக்கு வந்துவிடுகிறது. கூடவே, சில ஆண்டுகளாக, ஒரு வாட்ஸ்அப் செய்தியும் சுற்றுகிறது. ஒவ்வொரு அத்திப்பழத்துக்குள்ளும் ஒரு செத்த குளவி இருக்கிறதாம். கடிக்கும்போது நறநறவென்று பல்லில் படுவது அதன் உடலாம். ஆகவே அத்தி ஹராமாம். இதைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று தயங்குகிற பெற்றோரை நாம் பார்க்கிறோம். திருக்குர்ஆனின் 95வது அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்த கனி இது. இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன் அந்தப் பழத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முறை.

முதலில், நாம் பழம் என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. அபூர்வமாக நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். அத்திப் பூவை யாரும் பார்த்ததில்லை என்பதால் பிறந்த பேச்சு அது. நாட்டு அத்தியோ ஆண்டில் பல தடவை பூக்கிறது. பூவெல்லாம் உள்ளே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. சுருக்குப் பை ஒன்றின் உள்பக்கம் முழுவதும் பொடிப் பொடிப் பூக்களை நெருக்கி ஒட்டி, வாயை இறுக்கிக் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அத்திக்காய். ஆல், அரசு, இத்தி, நாட்டு அத்தி, கடையில் கிடைக்கும் சீமை அத்தி எல்லாமே ஒரே குடும்பம். உலகில் இந்தக் குடும்பத்தில் 750க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

வாய் மூடிய பைக்குள் பூத்தால் மகரந்தம் எப்படி வந்து சேரும்? காற்று உள்ளே போகாது, தேனீயும் நுழையாது. பையின் நுனியில் செதில்களால் அடைக்கப்பட்ட ஒரு மிகச் சிறிய துளை மட்டும் இருக்கிறது. அதற்குள் நுழையத் தக்க உடலமைப்போடு இருக்கிறது அத்திக் குளவி. பெயரைக் கேட்டு நம் கூரையில் கூடு கட்டும் குளவியை நினைக்க வேண்டாம். இது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி, மனிதரைக் கொட்டாது. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய குளவி இனம் உண்டு. ஓர் அத்திக்கு இரண்டு மூன்று குளவிகள் இருக்கும் விதிவிலக்குகளையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பிஞ்சு பூக்கும் பருவத்துக்கு வந்ததும் ஒரு வாசனையை வெளிவிடுகிறது. அதை மோப்பம் பிடித்து வரும் பெண் குளவி, செதில்களுக்கு இடையே உடலைத் திணித்து உள்ளே போகிறது. வழி அவ்வளவு இறுக்கம். இறக்கைகள் பிய்ந்து விழும், உணர்கொம்புகளும் முறியும். இனி அதற்கு வெளியே வரும் வழி இல்லை. உள்ளே போனதும், தான் பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களின் சூலுக்குள் முட்டையிடுகிறது, பிறகு அங்கேயே சாகிறது. முட்டை விழுந்த பூ குளவிக் குஞ்சுக்குத் தொட்டிலாகிறது. மகரந்தம் மட்டும் பெற்ற பூ விதையாகிறது.

சில வாரங்களில் ஆண் குளவிகள் முதலில் வெளிவருகின்றன. அவற்றுக்கு இறக்கை இல்லை. பெண் குளவிகள் இன்னும் தொட்டிலுக்குள் இருக்கும்போதே ஆண்கள் துளையிட்டு இணைசேர்ந்துவிடுகின்றன. பிறகு காயின் சுவரைக் குடைந்து ஒரு வழி அமைத்துவிட்டுச் சாகின்றன. பெண்கள் மகரந்தத்தோடு அந்த வழியே பறந்து போகின்றன. அவற்றின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் அதே இனத்தில், சரியான பருவத்தில் பூத்திருக்கும் இன்னொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நமீபியாவின் பாலைவனத்தில், ஆற்றோரங்களில் தனித்தனியே நிற்கும் அத்தி மரங்களின் மரபணுவைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தத் துரும்புகள் காற்றில் 160 கிலோமீட்டர் வரை மகரந்தத்தைச் சுமந்து செல்வதாகக் காட்டியது.

இந்த உறவில் ஏமாற்று வேலையும் இல்லாமல் இல்லை. மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டுப் போகும் குளவி என்ன ஆகும்? பனாமாவில் இதைச் சோதித்தார்கள். குளவி தானே மகரந்தத்தைத் தேடி எடுத்துச் சுமக்கும் வகை அத்திகளில், மகரந்தம் வராத காய்களை மரம் பல வேளைகளில் உதிர்த்துவிடுகிறது, அல்லது அவற்றில் பிழைக்கும் குஞ்சுகள் குறைகின்றன. இது போக, மகரந்தச் சேர்க்கைக்கு எந்த உதவியும் செய்யாமல் வெளியிலிருந்தே காயைத் துளைத்து முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. நம் நாட்டு அத்தியில் வாழும் அப்படிப்பட்ட ஒரு குளவியின் முட்டையிடும் ஊசி முடியைவிட மெல்லியது. ஆனால் அதன் நுனியில் துத்தநாகம் செறிந்திருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2014இல் வெளியிட்டார்கள். மரத்தைத் துளைக்கும் கருவிக்கு நாம் முனையில் கெட்டி உலோகம் வைப்பது போலத்தான்.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலர் மனிதத் தோற்றம் பற்றிய விவாதத்துக்குத் தாவிவிடுகிறோம். அது தனிப் பேச்சு. இங்கே அறிவியலாளர்கள் சொல்வது இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்த வரலாற்றை. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து இந்த உறவு தொடங்கி ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த ஒரு தொல்லுயிர்ப் பதிவை நெடுங்காலம் எறும்பு என்று நினைத்திருந்தார்கள். 2010இல் அது 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அத்திக் குளவி என்று தெரியவந்தது. இன்றைய குளவிக்கு இருப்பது போன்ற மகரந்தப் பை அதன் உடலிலும் இருந்தது.

காட்டுக்கு இதனால் ஒரு பெரிய பயன். குளவியின் ஆயுள் ஓரிரு நாள் என்பதால், ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவதொரு மரம் பூத்திருந்தால்தான் குளவி இனம் பிழைக்கும். அதனால் ஒரு காட்டில் உள்ள அத்தி, ஆல மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ப்பதில்லை. மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் இவற்றில் எங்காவது பழம் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இருவாச்சி, பச்சைப்புறா, குரங்கு, பழந்தின்னி வௌவால் என எல்லாம் நம்பியிருப்பது இதைத்தான். உலக அளவில் 1200க்கும் மேற்பட்ட பறவை, விலங்கு இனங்கள் அத்திக் குடும்பப் பழங்களைத் தின்கின்றன.

இனி நம் பொட்டலத்துக்கு வருவோம். சீமை அத்தியில் இரண்டு வகை மரங்கள். ஒன்று ஆண் அத்தி. அதன் பூக்களில் சூல்தண்டு குட்டை என்பதால் குளவி முட்டையிட முடியும், குஞ்சு வளரும். அந்தக் காயை நாம் உண்பதில்லை. மற்றொன்று பெண் அத்தி. அதன் பூக்களில் சூல்தண்டு நீளம், குளவியின் ஊசி அடி வரை எட்டாது. வாசனையில் வேறுபாடு தெரியாமல் பெண் அத்திக்குள் நுழைந்த குளவி, முட்டையிட முடியாமல் மகரந்தத்தை மட்டும் பூசிவிட்டுச் சாகிறது. நாம் உண்ணும் பழம் இதிலிருந்துதான் வருகிறது.

துருக்கியின் அய்தின் பகுதி உழவர்கள் ஜூன் மாதத்தில் ஆண் அத்திக் காய்களைக் கொண்டுவந்து பெண் மரங்களில் தொங்கவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் காலத்துக் கிரேக்கர்களும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் இதை நம்பவில்லை. 1880களில் ஸ்மிர்னா, அதாவது இன்றைய இஸ்மீர் பகுதியிலிருந்து அத்திப் போத்துகளைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் தழைத்தது, பிஞ்செல்லாம் உதிர்ந்தது. மட்டமான போத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். பூச்சி வேண்டும் என்று சொன்னவர்களைக் குடியானவரின் மூடநம்பிக்கை என்று கேலி செய்தார்கள். ஃபிரெஸ்னோவைச் சேர்ந்த ஜார்ஜ் ரோடிங் 1890இல் கையால் மகரந்தத்தைச் செலுத்திப் பார்த்தார், சில காய்கள் பழுத்தன. 1899இல் குளவியே அங்கு குடியேறிய பிறகுதான் தோப்புகள் காய்த்தன. மதீனாவின் பேரீச்சந் தோட்டங்களில் ஆண் பாளையைப் பெண் பாளையில் சேர்க்கும் வழக்கத்தை விட்டபோது விளைச்சல் கெட்டதும், உங்கள் உலக விஷயத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருப்பது நமக்குத் தெரியும்.

எல்லா அத்திக்கும் குளவி தேவையில்லை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கும் ரகங்கள் பல உண்டு. புனே அருகே புரந்தரில் விளையும் புனே அத்தி அப்படிப்பட்டது. அதில் குளவி இருக்கிறதா என்ற பேச்சே எழாது. துருக்கியின் உலர் அத்தியும், ஈரானின் எஸ்தஹ்பான் பகுதி உலர் அத்தியும் குளவி வந்துபோகும் ரகங்கள். அவற்றிலும் உள்ளே செத்த பூச்சியை ஃபிசின் என்ற நொதி சிதைத்துவிடுகிறது. மிஞ்சினால் கண்ணுக்குத் தட்டுப்படாத துணுக்குகள்தாம் மிஞ்சும். பல்லில் நறநறப்பது விதை. வாட்ஸ்அப் செய்தியின் பெரிய பொய் இதுதான்.

மார்க்க ரீதியாக இது புதிய கேள்வியும் அல்ல. பழத்தில் உண்டாகும் புழு, பூச்சி பற்றி நம் முன்னோர்களான ஃபுகஹாக்கள் பேசியிருக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், பழம், காடி போன்ற உணவிலேயே உண்டான புழுவை அந்த உணவோடு சேர்த்து உண்ணலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தாகச் சொல்லப்படுகிறது. தனியே பிரித்தெடுத்து உண்பதற்கு அந்தச் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் கண்டிப்பு சற்று அதிகம். கண்ணில் படுவதை நீக்கிவிட்டு உண்பதே அவர்களின் வழி.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். துருக்கி அத்திக்குள் போன குளவி அந்தப் பழத்தில் பிறந்ததல்ல, வெளியிலிருந்து வந்தது. மின்ஹாஜின் வாசகத்தை அப்படியே இதற்குப் பொருத்த முடியுமா என்று ஓதிப் பழகிய மாணவர் கேட்கலாம், நல்ல கேள்விதான். நாம் பார்ப்பது, அந்தச் சலுகைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை. பிரித்தெடுப்பது சிரமம் என்பதால் தரப்பட்ட சலுகை அது. சிதைந்து பழத்தோடு கலந்து, தேடினாலும் கிடைக்காத ஒன்றில் அந்தச் சிரமம் இன்னும் அதிகமல்லவா? ஆகவே உலர் அத்தியை ஹராம் என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் தென்படவில்லை.

நாட்டு அத்தியின் கதை வேறு. அதில் ஆண் மரம், பெண் மரம் என்ற பிரிவு இல்லை. ஒரே காயில் விதையும் வளரும், குளவியும் வளரும். பிட்டுப் பார்த்தால் உயிரோடு பூச்சிகள் ஓடுவதைக் காணலாம். இதையும், வெகுநாள் கிடந்து புழு வைத்த உலர் அத்தியையும் பிளந்து பார்த்தே உண்ண வேண்டும். பழைய பேரீச்சம்பழம் கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து உள்ளிருந்த பூச்சியை நீக்கியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அவர்கள் பழத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை.