உடம்புக்குள் ஒரு பீஸ் கமிட்டி! - நோபல் பரிசு பெற்றுத் தந்த 'ஃபாக்ஸ்பி3' மரபணு

அடிக்கடி சளி, காய்ச்சல் வந்தால், 'உடம்புல எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு' என்கிறோம். ஆனால், அதே எதிர்ப்பு சக்தி எல்லை மீறி நம் உடலையே தாக்கினால்? டைப் 1 சர்க்கரைநோயும் முடக்குவாதமும் அப்படி வருபவைதான்.

நம்மில் பலருக்கு ஏன் அப்படி நடப்பதில்லை? இதற்கு விடை கண்டுபிடித்ததற்காகத்தான் அமெரிக்காவின் மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சுவிட்ச் போடுவது யார்?

தோல் செல்லிலும், கிருமியோடு போராடும் டி செல்லிலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு 'ஆன்', எது 'ஆஃப்' என்பதில்தான் வித்தியாசம். அந்த சுவிட்ச்சைப் போடுபவை 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்' எனும் புரதங்கள். டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு மரபணுக்களை இயக்கும், தேவைப்பட்டால் அடக்கும்.

'டி-பெட்' என்ற புரதம் பொறுப்பேற்றால், செல்லுக்குள் புகும் கிருமிகளுக்கு எதிரான படையாக டி செல் மாறும். 'காட்டா3' என்றால், குடல்புழுக்களுக்கு எதிரான படை. 'ஃபாக்ஸ்பி3' வந்தாலோ, சண்டைக்கான மரபணுக்கள் அடங்கி, மற்ற டி செல்களைக் கட்டுப்படுத்தும் சமாதானப் படை உருவாகும்.

செதில் உதிர்ந்த எலிகள்

1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் சில ஆண் எலிகள் தோல் செதில் செதிலாக உதிர்ந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களிலேயே இறந்தன. 'ஸ்கர்ஃபி' என்று பெயரிட்டார்கள். அவற்றின் டி செல்களே சொந்த உறுப்புகளைத் தாக்கின என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

குறை எந்த மரபணுவில்? பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் எக்ஸ் குரோமோசோமில் தேடித் தேடி, சந்தேகப் பட்டியலை 20 மரபணுக்களாகச் சுருக்கினார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்ததில், கடைசி மரபணுவில் பிழை சிக்கியது. அதுதான் ஃபாக்ஸ்பி3!

குழந்தைகளுக்கும் அதே பிழை

'ஐபெக்ஸ்' என்ற அரிய நோய் ஆண் குழந்தைகளுக்கு வரும். பிறந்த சில வாரங்களிலேயே தீராத வயிற்றுப்போக்கு, சர்க்கரைநோய், தோல் அழற்சி... சிகிச்சை இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. காரணம் இதே மரபணுவின் பிழை என 2001-ல் உறுதியானது. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான் என்பதால், அதில் பிழை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. காரணம் தெரிந்ததால் மரபணுப் பரிசோதனையில் நோயை உறுதிசெய்து, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போக முடிகிறது.

மற்ற டி செல்களை அடக்கும் ஒருவகை டி செல்களை 1995-லேயே அடையாளம் காட்டியிருந்தார் சகாகுச்சி. அவற்றை உருவாக்குவதே ஃபாக்ஸ்பி3தான் என்பது 2003-ல் தெளிவானது.

அடுத்து என்ன?

சமாதானப் படையைப் பெருக்கி, உடல் தன்னையே தாக்கும் நோய்களைக் கட்டுப்படுத்தவும், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கவும் ஆய்வுகள் நடக்கின்றன. புற்றுநோயில் கதையே வேறு. கட்டிகள் இந்தச் சமாதானப் படையைத் தங்களைச் சுற்றிக் கேடயமாக வைத்துக்கொள்கின்றன. அங்கே அதை விலக்க வழி தேடுகிறார்கள்.

'இம்யூனிட்டியை எகிற வைக்கும்' என்று ஏதாவது பவுடர் விளம்பரம் உங்கள் போனில் வந்தால், அந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு சக்தி எகிற வேண்டியதில்லை. அடிக்க வேண்டிய இடத்தில் அடித்து, அடங்க வேண்டிய இடத்தில் அடங்கினால் போதும்!