மடியில் இருக்கிறது ரவுட்டர்

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புக்கு நெட் எடுப்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதையே திருப்பிப் போட்டு லேப்டாப்பிலிருந்து போனுக்கு நெட் கொடுக்கலாம் என்றால், “எதுக்கு சார் அந்த வேலை?” என்கிறார்கள். டேட்டா மலிவாகக் கிடைக்கிற ஊரில் இது நியாயமான கேள்வி. ஆனால், சிக்னல் எட்டாத ஹாஸ்டல் அறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை லான் வயர்தான் கதி என்று கிடப்பவரிடம் கேளுங்கள். அந்த வயரைப் போனில் எங்கே செருகுவது?

2010-ஐ ஒட்டிய வருடங்களில் வீட்டுக்கு வீடு இந்தத் தேவை இருந்தது. நெட் என்பது லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகிய டேட்டா கார்டுக்குள் இருந்தது. புதிதாக வாங்கிய ஆண்ட்ராய்டு போனோ வைஃபைக்கு ஏங்கிக் கிடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே ‘அட்ஹாக்’ என்று ஒரு வசதி இருந்தது. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போன்கள் மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

வழி பிறந்தது ஆராய்ச்சிக் கூடத்தில். ஒரே வைஃபை கார்டை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு நெட்வொர்க்குகளில் இருக்க முடியுமா என்று மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் சிலர் முயன்றார்கள். ஐஐடி காரக்பூரில் படித்த ரண்வீர் சந்திரா அவர்களில் ஒருவர். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கார்டு இங்கும் அங்கும் தாவ வேண்டும். இரண்டு பக்கமும் ‘நம்மோடுதான் இருக்கிறது’ என்று நம்ப வேண்டும். 2004-ல் அவர்களின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்குள் இந்த யோசனை, லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்கும் வசதியோடு, ‘விர்ச்சுவல் வைஃபை’ என்ற பெயரில் நுழைந்தது. நுழைந்ததே தவிர, அதற்கென்று ஒரு பட்டன் வைக்கவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து ‘நெட்ஷ்’ என்று தொடங்கும் இரண்டு வரிகளை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். அந்த இரண்டு வரிகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. அடிக்கச் சோம்பல்பட்டவர்களுக்காக கனெக்டிஃபை போன்ற மென்பொருள்கள் வந்தன. கடைசியில் 2016-ல் விண்டோஸ் 10-க்கு வந்த ஆண்டுவிழா அப்டேட்டில்தான் பட்டன் கிடைத்தது.

இப்போது வேலை சுலபம். செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ போய் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’டை ஆன் செய்தால் போதும். எட்டுக் கருவிகள் வரை இணையலாம். இணைந்த போனில் வைஃபை விவரங்களைத் திறந்து பாருங்கள். கேட்வே என்ற இடத்தில் 192.168.137.1 என்றிருக்கும். அதுதான் உங்கள் லேப்டாப். போன்களுக்கு உள்ளூர் முகவரி கொடுப்பதும், அவை கேட்பதையெல்லாம் தன் பெயரில் வெளியே வாங்கி வந்து பிரித்துக் கொடுப்பதும் அதன் பொறுப்பு. வெளி நெட்வொர்க்கின் கண்ணுக்குத் தெரிவது லேப்டாப் ஒன்றுதான். அறைக்கு ஒரு கருவி என்று கறாராக இருக்கும் ஓட்டல்களில் குடும்பமே நெட் பார்ப்பது இந்த வழியில்தான். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். பல நிறுவனங்கள் இதைப் பூட்டியே வைத்திருக்கும். பூட்டாத இடத்தில் ஐடி ஆட்கள் தேடி வருவார்கள்.

வயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுப்பதுதான் உத்தமம். வைஃபையை வாங்கி வைஃபையாகவே கொடுத்தால் ஒரே ரேடியோ இரண்டு வேலையும் பார்க்க வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆப்பிள் மேக்கில் வைஃபையை வாங்கி வைஃபையாகக் கொடுக்கும் பேச்சே இல்லை. உபுண்டுவில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தால் ஏற்கெனவே இருந்த வைஃபை இணைப்பு அறுந்துபோகும். இரண்டுக்கும் லான் வயரோ யூஎஸ்பி இணைப்போ இருந்தால்தான் கதை நடக்கும். இன்றைய மெல்லிய லேப்டாப்களில் லான் துளையே கிடையாது என்பதால் அதற்கொரு அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது.

“ஆன் பண்ணிட்டேன், போன்ல காட்டவே மாட்டேங்குது” என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். பெரும்பாலும் பேண்ட் 5 ஜிகாஹெர்ட்ஸில் நிற்கும். பழைய போன்களும் விலை மலிந்த ஸ்மார்ட் பல்புகளும் 2.4-ஐ மட்டுமே அறியும். ‘எடிட்’டில் போய் மாற்றிவிட்டால் தெரிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென நின்றால், யாரோ லேப்டாப்பை மூடியிருப்பார்கள். மூடினால் அது தூங்கிவிடும். பவர் செட்டிங்கை மாற்றித் தூங்காமல் செய்யலாம்; ஆனாலும் பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள் இருப்பதால், திறந்து நிமிர்த்தி வைத்தால்தான் பக்கத்து அறை வரை சிக்னல் ஒழுங்காகப் போகும். யாருமே இணையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் தானாகவே அணைத்துவிடும். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள பவர் சேவிங்கை ஆஃப் செய்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. 12345678 அந்த விதிக்குள் அடங்கும் என்பதுதான் சிக்கல். உங்கள் நெட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எதைப் பார்த்தாலும் தடம் உங்கள் இணைப்பின் பெயரில்தான் பதியும். நெட்வொர்க்கின் பெயராக விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரையே வைக்கும். கம்ப்யூட்டருக்குச் சொந்தப் பெயரை வைத்திருந்தால் தெருவில் போகிறவர் போனிலும் அது தெரியும். ஆன் செய்த கையோடு பாஸ்வேர்டு, நெட்வொர்க் பெயர் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.