கடலில் ஒரு கலப்பை!

எங்கள் ஊர் வத்திராயிருப்பு. மேற்கே பார்த்தால் மலை. மற்ற பக்கமெல்லாம் வயல், தென்னந்தோப்பு, புளியமரம். கடல் பார்க்கணும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து பஸ் மாறி மாறி தூத்துக்குடி போய்ச் சேரணும். நான் முதன்முதலில் கடலைப் பார்த்ததே ஒன்பதாம் வகுப்பு எக்ஸ்கர்ஷனில்தான். அப்பேர்ப்பட்ட நான், படகுக்கு நங்கூரம் வாங்குவது எப்படி என்று எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள் சார், விஷயம் இருக்கிறது.

பெரியப்பா மகன் பினாங்கில் வேலை பார்க்கிறார். நல்ல சம்பளம். ஊரில் நாலு ஏக்கர் தோப்பு வாங்குவார் என்று குடும்பமே காத்திருக்க, அண்ணன் வாங்கியது முப்பது அடி பாய்மரப் படகு! அதுவும் செகண்ட் ஹேண்ட். பெரியம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

2019 ஆகஸ்டில் ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு போனேன். பினாங்கிலிருந்து லங்காவிக்குப் பாய் விரித்தோம். வாந்தி எடுத்த விவரங்களைத் தவிர்த்துவிடுகிறேன். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, தாயாங் புந்திங் என்ற தீவின் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். 'கர்ப்பிணிப் பெண்' என்று அர்த்தமாம். மலை முகடு மல்லாந்து படுத்த பிள்ளைத்தாச்சி மாதிரியே இருக்கிறது.

ஆழம் 4 மீட்டர். அண்ணன் 15 மீட்டர் செயின் விட்டார்.

"போதுமாண்ணே?"

"நாளைக்குக் காலைல அதை இழுக்கப் போறது நீயா, நானா?"

படகில் செயின் இழுக்க மோட்டார் கிடையாது. கைதான். "சரி, போதும்ணே" என்றேன்.

மலாக்கா ஜலசந்தியில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் 'சுமத்ரா' என்று ஒரு காற்று உண்டு. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து இடி மழையோடு கிளம்பி, பெரும்பாலும் நாம் அசந்து தூங்கும் நேரமாகப் பார்த்து வந்து அடிக்கும். அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு வந்தது. படகு ஒரு உலுக்கு உலுக்கியது. அடியில் 'கரகர'வென்று சத்தம். அண்ணன் எழுந்து டார்ச் அடித்தார். சாயங்காலம் தூரத்தில் அழகாகத் தெரிந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர், இப்போது பக்கத்து வீட்டு மொட்டைமாடி தூரத்தில்!

"டேய், நங்கூரம் இழுத்துக்கிட்டு வருதுடா!"

இன்ஜினை உசுப்பி, காற்றுக்கு எதிராகப் படகைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றோம். சதுரகிரி மகாலிங்கத்துக்கு நான் அன்றைக்கு நேர்ந்துகொண்டதை இன்னும் தீர்த்து முடிக்கவில்லை.

விடிந்ததும் செயினை இழுத்தோம். நங்கூரம் மேலே வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேறு உருண்டை திரண்டு தொங்குகிற அதன் முனை, சாட்சாத் எங்க தாத்தாவின் கலப்பைக் கொழு!

"அட, இது பேரே கலப்பை நங்கூரம்தான்டா" என்றார் அண்ணன்.

அதைக் கண்டுபிடித்தவர் ஜி.ஐ.டெய்லர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. படகுப் பைத்தியம். 1927-ல் தன் பாய்மரப் படகில் நார்வேயின் லோஃபோடன் தீவுகள் வரைக்கும் போய் வந்தவர். கனத்த நங்கூரத்தைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்ததோ என்னவோ, கலப்பை மாதிரி மண்ணுக்குள் தன்னால் இறங்கும் நங்கூரத்தை 1933-ல் வடிவமைத்தார். பெயர் சி.க்யூ.ஆர். வேகமாகச் சொன்னால் 'செக்யூர்'! கம்ப்யூட்டர்களின் அடிப்படைக் கணக்கைத் தந்த ஜார்ஜ் பூல் இருக்கிறாரே, அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் இந்த டெய்லர்.

எங்களிடம் இருந்தது யாரோ அதைப் பார்த்துச் செய்த நகல். ஆனால் தப்பு நங்கூரத்தின் மேல் மட்டும் இல்லை. எங்க தாத்தா சொல்வார்: "மேழியை அழுத்திப் பிடிடா. விட்டா, கொழு மண்ணு மேல வழுக்கிக்கிட்டுப் போயிரும்." கடலுக்கடியில் மேழியை யார் பிடிப்பது? செயின்தான். அது நீளமாகத் தரையில் கிடந்தால் இழுப்பு படுக்கைவாட்டில் இருக்கும். நங்கூரம் உள்ளே இறங்கும். செயின் குட்டையானால் இழுப்பு மேல்நோக்கிப் போய், நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்.

நாங்கள் போட்டபோது தண்ணீர் 4 மீட்டர், படகின் மூக்கு உயரம் 1 மீட்டர். ஆக 5. அதற்கு 15 மீட்டர் செயின் என்றால் மூன்று பங்கு. குறைந்தது ஐந்து பங்கு வேண்டும், காற்றடித்தால் ஏழு. அதோடு, நாங்கள் போட்டது வற்றுநேரம். ஆறு மணி நேரத்தில் 2 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. மூன்று பங்கு ரெண்டு பங்காகச் சுருங்கியது. காற்று இருமடங்கானால் படகின் மேல் அதன் தள்ளு நாலு மடங்கு. அப்புறம் எந்த நங்கூரம் நிற்கும்?

நேரே குவா டவுனில் படகுச் சாமான் கடைக்குப் போனோம். லங்காவி வரியில்லாத தீவு. ஜனங்கள் சாக்லேட்டும் வேறு சில 'சமாச்சாரங்களும்' வாங்குகிற ஊரில், நாங்கள் நங்கூரம் பேரம் பேசினோம்.

அண்ணன் நேராக இருப்பதிலேயே கனமானதைத் தொட்டார். "25 கிலோ. இனி அசையாது."

"அண்ணே, கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே கலப்பையா? முதல்ல மண்ணைச் சொல்லு. நீ எங்கே எங்கே நிறுத்துவே?"

யோசித்தார். லங்காவியைச் சுற்றி பெரும்பாலும் சேறு. கொஞ்சம் மணல். பாறை அபூர்வம்.

ஆக, தொப்பியிலும் பச்சைகுத்தலிலும் போடுகிற அந்தக் காலத்து நங்கூரம் வேண்டாம். அது பாறைக்கும் பாசிக்கும் சரி. சேற்றில் பிடிக்க ரொம்பக் கனமாக வேண்டும். நம்ம பாம்பன் பக்கம் வள்ளங்களில் நாலைந்து கொக்கியோடு இருக்குமே, அதுவும் பாறையைக் கவ்வத்தான். அடுத்தது டான்ஃபோர்த். ரெண்டு தட்டையான இதழ், மடக்கினால் படுத்துக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் எடைக்கு மீறிப் பிடிக்கும். எனக்குக்கூட அது பிடித்திருந்தது. ஆனால் காற்று திசை மாறினால் பிடுங்கிக்கொண்டு, மறுபடி இறங்காமல் போகலாம். சுமத்ராவின் வேலையே திசையை மாற்றி அடிப்பதுதானே? அதை ரெண்டாவது நங்கூரமாக வைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்துக்காரர் பீட்டர் புரூஸ் 1970-களில் செய்த நக வடிவ நங்கூரம் சட்டென்று இறங்கும். ஆனால் சேற்றில் அத்தனை கெட்டியாகப் பிடிக்காது.

கடைசியாக, மண்வெட்டியைக் குழித்த மாதிரி ஒன்று, முதுகில் வளைந்த குழாயோடு. நியூஸிலாந்தின் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ராக்னா இந்த ஜாதி. எப்படி விழுந்தாலும் அந்த வளைவு அதைப் புரட்டி, முனையை மண்ணில் குத்த வைக்கும். காற்று திரும்பினால் கூடவே திரும்பும்.

"கலப்பை மண்ணை ரெண்டா ஒதுக்கிட்டுப் போகும்ணே. மண்வெட்டி அள்ளிப் பிடிக்கும். நமக்கு உழணுமா, நிக்கணுமா?"

அண்ணன் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

அந்த வடிவத்தில் 15 கிலோ எடுத்தோம். மிச்சமான காசில் 8 மில்லிமீட்டர் செயின், 50 மீட்டர். மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ சுமார். தூக்கி வந்தது யார் என்று கேட்காதீர்கள்.

அன்று ராத்திரி அதே இடம். ஏறப்போகும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 40 மீட்டர் விட்டோம். இன்ஜினை ரிவர்ஸில் மெதுவாகக் கொடுத்து இழுத்துப் பார்த்தோம். படகு தலையை ஆட்டி நின்றது. கரையில் ஒரு மரம், அதன் பின்னால் ஒரு பாறை, ரெண்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று மணிக்கொரு தடவை எழுந்து பார்த்தேன். மூன்று மணிக்கு மழை, காற்று. மரமும் பாறையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அண்ணன் குறட்டை விட்டார்.

காலையில் அப்பாவுக்கு போன் போட்டு, முந்தின ராத்திரி கலப்பை நங்கூரம் இருநூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உழுதது சரிப்பா. என்ன விதைச்சீங்க?"