ரத்தம் ஊற... காசும் வேண்டும்!

"கையில காசா கொடுத்தா குடிச்சே அழிச்சிடுவாங்க டாக்டர். அதுக்கு அரிசி, பருப்பு, மருந்துன்னு பொருளா கொடுத்துட்டுப் போகலாமே?"

என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் கொஞ்சம் வசதியானவர்கள் பேச்சுவாக்கில் இப்படிக் கேட்பதுண்டு. 2023-ல் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கான பதிலை மேடைப் பேச்சுகளில் தேடுவதைவிட, ஒரு கர்ப்பிணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துத் தேடலாம். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பழநி மலையில், கொடைக்கானலைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வரும் கூலிக்காரப் பெண்கள் பலருக்கு அது வெளுத்துக் கிடக்கும். மூச்சு வாங்கும். படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். "சும்மா அசதிதானுங்க" என்பார்கள்.

சித்த மருத்துவத்தில் 'பாண்டு' என்று சொல்வது இதைத்தான். ரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு! இத்தனைக்கும், பிரசவங்கள் கிட்டத்தட்ட அத்தனையும் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். அப்புறமும் ஏன் ரத்தம் ஊறவில்லை?

அரிசி பசியைத் தீர்க்கும், அவ்வளவுதான். ரத்தம் ஊறுவதற்குப் பருப்பு வேண்டும், பயறு வேண்டும், முட்டை, கீரை, மீன், ஈரல் என்று ஏதாவது வேண்டும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குத் தருகிறார்கள், மாதத்துக்கு ஒரு கிலோ. வீட்டில் நாலைந்து பேர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு கிராம். அதைக் குழம்பு என்பதைவிட மஞ்சள் தண்ணீர் என்று சொல்லிவிடலாம்.

"மலையில்தான் காய்கறி விளைகிறதே!" என்பீர்கள். விளைகிறது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடுகூட கிடைத்தது. கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி, மிளகு, மலைவாழை. ஆனால் இவை விற்பனைக்கு விளைபவை. மூட்டை கட்டி லாரியில் ஏறிவிடும். தோட்டம் வைத்திருப்பவருக்கே லாபம் நிச்சயமில்லை. கூலிக்குக் களை எடுப்பவருக்கு அதில் என்ன பங்கு?

மலையின் உயரத்துக்கும் இந்த நோய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே காற்றில் பிராணவாயு குறைவாகக் கிடைப்பதால், அதை ஈடுகட்ட உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூடுதலாகத் தயாரிக்கும். அதனால், சமவெளியில் ஒரு கர்ப்பிணிக்கு 11 கிராம் இருந்தால் 'பரவாயில்லை' என்கிற நாம், மலையில் அதே 11-ஐப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அந்த உயரத்துக்கு அது குறைவு.

பத்தியம் சொல்வது சுலபம்

பாண்டு நோய்க்கு எங்கள் மருத்துவத்தில் கரிசலாங்கண்ணி உண்டு, அன்னபேதி செந்தூரம் உண்டு, மாதுளை மணப்பாகு உண்டு. எழுதிக் கொடுத்துவிட்டு, "தினம் ஒரு முட்டை, வாரம் மூணு நாள் கீரை, சாயங்காலம் ஒரு கை சுண்டல்" என்று பத்தியமும் சொல்கிறோம். அந்தப் பெண்ணும் தலையாட்டுவாள். ஒரு மாதம் கழித்து வந்தால் இமை அதே வெளுப்பு!

தாண்டிக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், "நான் சொன்னதைச் சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "சனிக்கிழமை கூலி வரும் சார். அன்னைக்கே குழு லோனுக்குக் கட்டணும், கடை பாக்கி கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை முட்டை வாங்கினா சின்னவனுக்கும் பெரியவளுக்கும். நான் வரக்காப்பியக் குடிச்சுக்குவேன்" என்றாள்.

அந்த வரக்காப்பியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட உடனேயோ காபி, டீ குடித்தால், உணவில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதற்குப் பதில் இலையில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ இரும்பு நன்றாக ஏறும். இது உங்கள் வீட்டுக்கும்தான்!

விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண்ணுக்கு எதைச் சாப்பிட வேண்டும் என்று தெரியாமல் இல்லை. மலையில் வேலை வருஷம் பூராவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கை நிறைய வேலை. அடைமழையில் வாரக்கணக்கில் வேலையே இருக்காது. அந்த நாட்களில்தான் முதலில் பருப்பு நிற்கும், பிறகு மருந்து நிற்கும், அப்புறம் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யாரோ, அவள் உடம்பில்தான் இது முதலில் தெரியும்.

இந்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் அவள் பெயரிலேயே நேராக வரும் காசு. இது புது யோசனை இல்லை. கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயோடு ஆரம்பித்தது. 2006-ல் 6,000 ஆனது, 2011-ல் 12,000, 2018-ல் 18,000. இதில் 14,000 ரொக்கம். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், நெய், சத்துமாவு எல்லாம் அதில் இருக்கும். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டராகி வெளியே வந்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்த அந்த அம்மையாரின் பெயரை இதற்கு வைத்தது பொருத்தம்தான்.

மொத்தமாகத் தராமல் தவணையாகத் தருகிறார்கள். பதிவு செய்தாயா, பரிசோதனைக்கு வந்தாயா, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயா என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் காசு வரும். மெக்சிகோ நாட்டில் 1997-ல் இதே மாதிரி, குழந்தையைப் பரிசோதனைக்குக் கூட்டிவரும், பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களின் கையில் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின.

காசா, பொருளா என்று என்னைக் கேட்டால், மலைக்கு இரண்டும் கலந்து வருவது நல்லது என்பேன். சாமான் எல்லாம் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் போய்ச் சேர்ந்த வெள்ளகவி மாதிரி ஊர்களில் காசை வைத்துக்கொண்டு பேரீச்சம்பழத்துக்கு எங்கே போவது? ஆனால் பெட்டகம் மட்டும் போதாது. அந்தப் பழத்தை மூத்த பிள்ளைகள் இரண்டே நாளில் தீர்த்துவிடும் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். காசு இருந்தால் பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் பங்கை அவள் சாப்பிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காசு வரும் நேரம். கர்ப்பத்தின் நாலாம் மாதம் கிடைக்கும் 2,000 ரூபாயும், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு கிடைக்கும் 2,000 ரூபாயும் ஒன்றல்ல. முதலாவது ரத்தமாக மாறும். இரண்டாவது பழைய கடனுக்குப் போகும். கணக்கு ஏட்டில் இரண்டும் 'வழங்கப்பட்டது' என்றுதான் இருக்கும்!

குடித்து அழிக்கிறார்களா?

இப்போது அந்த முதல் கேள்வி. உலக வங்கியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், பல நாடுகளில் ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டங்களின் ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பணம் வந்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்தில் 2011-12-ல் 'சேவா' பெண்கள் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு சில கிராமங்களில் ஒரு சோதனை செய்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. பின்னால் 300, 150 ஆக்கினார்கள். எந்த நிபந்தனையும் கிடையாது. பருப்பும் காய்கறியும் வீட்டுக்குள் கூடுதலாக வந்தன. குழந்தைகளின், குறிப்பாகப் பெண் குழந்தைகளின் எடை தேறியது. மருந்தை நடுவில் நிறுத்தாமல் சாப்பிட்டார்கள். குடி கூடவில்லை.

குடிக்கிறவன் எந்தக் காசிலும் குடிப்பான், அதை நான் மறுக்கவில்லை. மனைவியின் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கிக்கொள்ளும் கணவர்களும் உண்டு. ஆனால் அவர்களைக் காரணம் காட்டி மற்ற பெண்களின் முட்டையை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத்தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. ஒரு நாளைக்கு 33 ரூபாய். நாம் ஓட்டலில் ஒரு காபிக்குக் கொடுக்கிற காசு. அந்த வீட்டில் அது இரண்டு முட்டை, ஒரு கை கொண்டைக்கடலை, ஒரு கட்டுக் கீரை. தொகை சிறியதுதான், ஆனால் தேதி தவறாமல் வந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. "பதினஞ்சாம் தேதி கொடுத்துடறேன் அண்ணாச்சி" என்று சொல்லி மளிகைக் கடையில் பருப்பு வாங்க முடியும். வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடக்கும். எங்கள் திரிபலா சூரணத்துக்குக் கடுக்காய் வேண்டும். அதைக் காட்டில் பொறுக்கிச் சேர்ப்பவர்களில் பழநி மலையின் பளியர்களும் உண்டு. தேனும் அப்படித்தான். முன்பணம் வாங்கிவிட்டவர், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டில் அடுத்த பத்து நாளைக்குச் செலவுக்கு இருக்கிறவர்தான் "இந்த விலைக்குத் தர முடியாது" என்று வாய் திறந்து சொல்லுவார்.

கைக்கு வந்து சேர வேண்டுமே!

முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்தது. ஒரு காலத்தில் அது மணியார்டராக, தபால்காரர் கையால் வீட்டு வாசலுக்கே வந்தது. இன்று வங்கிக் கணக்குக்கு வருகிறது. கை மாறாமல் வருவது நல்லதுதான். ஆனால் மலைக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வங்கிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். போனால் சில சமயம் மெஷினில் கைரேகை விழாது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? 2018-ல் தொடங்கிய தபால்துறையின் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே கருவியோடு வந்து பணம் தர வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியவே இல்லை. 2023-ல் உரிமைத்தொகை வந்த புதிதில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்தப் பணத்திலேயே கை வைத்ததும், அரசு கண்டித்ததும் நினைவிருக்கலாம். இருப்பு வைக்கத் தேவையில்லாத ஜன்தன் கணக்கென்றால் இந்தத் தொல்லை இல்லை.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண், மலையில் உங்கள் தோட்டத்தையோ காட்டேஜையோ பார்த்துக்கொள்ளும் குடும்பம்... இவர்களுக்கு வங்கிக்குப் போக அரை நாள் விடுப்பைச் சம்பளம் பிடிக்காமல் கொடுங்கள். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, போன் நம்பர் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். பாஸ் புத்தகம் அவளிடமே இருக்கட்டும். "பத்திரமா நான் வச்சிருக்கேன்" என்று நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பம் என்று தெரிந்தால், 12 வாரத்துக்குள் கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போது கிடைக்கும் 12 இலக்க எண்ணைப் பத்திரமாகக் குறித்து வைக்க வேண்டும். மகப்பேறு நிதிக்கும் அதுதான், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிரம்பிய பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இந்த உதவி உண்டு. அங்கே தரும் இரும்பு மாத்திரையை, காபி, டீ, பால் இவற்றோடு சேர்க்காமல் தினமும் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. செந்தூர வகைகளைக் கர்ப்பிணிகள் கடையில் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. படித்த சித்த மருத்துவரைக் கேட்டு, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.