அறுவை சிகிச்சைக்குப் பின் முதியோருக்கு ஏற்படும் மனக்குழப்பம்: மயக்க முறைதான் காரணமா?

ஏலத் தோட்டச் சரிவில் வழுக்கியோ, வீட்டு வாசற்படியில் தடுக்கியோ விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த முதியவரை ராசிங்காபுரம் போன்ற ஊர்களிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்து வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "முழு மயக்கம் கொடுத்தால் புத்தி தடுமாறிவிடுமாமே, முதுகில் ஊசி போட்டுச் செய்யலாமா?"

இந்த அச்சம் பொருளற்றதன்று. அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில நாட்களில் முதியவர் இடம், நேரம் அறியாமல் பேசலாம், இல்லாதவரைக் காணலாம், ஊசிக் குழாயைப் பிடுங்கலாம். இரவில் இது மிகும். சிலர் மாறாகப் பேச்சின்றிச் சோர்ந்து கிடப்பர். "அமைதியாகத் தூங்குகிறார்" என்று குடும்பத்தார் நிம்மதி அடைவதால் இவ்வகை எளிதில் தவறிவிடுகிறது.

ஆனால், மயக்க முறையை மாற்றினால் இது தவிர்க்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், முதுகில் ஊசி போடப்பட்டோரில் 20.5 விழுக்காட்டினருக்கும், முழு மயக்கம் பெற்றோரில் 19.7 விழுக்காட்டினருக்கும் குழப்பம் ஏற்பட்டது. சீனாவில் 65 வயதைக் கடந்த 950 பேரிடம் நடந்த ஆய்விலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, இதய நோய், முதுகெலும்பின் நிலை ஆகியவற்றைக் கருதி மயக்கவியல் மருத்துவர் பரிந்துரைக்கும் முறையை அச்சமின்றி ஏற்கலாம். முறையைப் பற்றிய தயக்கத்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே கூடுதல் தீங்கு என்பது என் கருத்து.

குழப்பத்தைத் தூண்டுபவை பெரும்பாலும் வேறு: தணியாத வலி, நீர்ச்சத்துக் குறைவு, தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை. முதியவருக்கு முன்பே மறதி இருந்தால் மருத்துவரிடம் கூறவும். தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் காட்டவும். மதுப்பழக்கத்தையும் மறைக்க வேண்டாம். திடீரென நிறுத்துவதாலும் கடும் குழப்பம் வரும். இதைக் கூற வெட்கப்படும் குடும்பங்களே அதிகம்.

மூக்குக் கண்ணாடி, காதுகேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றை வீட்டிலேயே பத்திரப்படுத்தாமல் உடன் கொண்டு வரவும். பழகிய ஒருவர் அருகில் இருந்து, நாளையும் இடத்தையும் நினைவூட்டவும். குழப்பத்தில் பேசுபவருடன் வாதிடவோ, கையைக் கட்டவோ வேண்டாம். பகலில் வெளிச்சமும், மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து அமர்தலும் உதவும்.

பெரும்பாலோர் சில நாட்களில் தெளிவடைவர். சிலருக்கு வாரங்கள் ஆகலாம். காய்ச்சல், மூச்சுத்திணறல், சிறுநீர் வராமை ஆகியவை சேர்ந்தால் செவிலியரிடம் உடனே தெரிவிக்கவும். வீடு திரும்பிய பின் குழப்பம் புதிதாகத் தோன்றினால், மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.